எஞ்சின் விடும் மூச்சு

விழுப்புரம்,
20.01.2025, திங்கட்கிழமை.

அன்புத் தங்கை அமல்ராணிக்கு,

அண்ணன் சவுரிராயன் ஆசி கூறி எழுதுவது. இறைவன் இரக்கத்தால் இங்கு நான் நலம். உன் முழங்கால் வலி எந்த நிலையில் இருக்கிறது, கண்ணில் விடும் மருந்து ஒத்துக்கொள்கிறதா என்பவற்றை விடாமல் எழுது.

11.01.2025 அன்று இங்கே விழுப்புரத்தில் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு உன்னைத் திண்டிவனத்தில் இறக்கிவிட்டபின், நான் வீடு சேர்ந்ததைத் தொலைபேசியில் சொல்லவில்லை என்று வருந்தியிருப்பாய். கருவி பொருத்திக்கொண்டாலும் தொலைபேசியில் என் காதுக்கு இரைச்சல் மட்டுமே கேட்கிறது. குறுஞ்செய்தி எழுதுவோர் தேதியும் இடுவதில்லை, உறவுமுறையும் எழுதுவதில்லை. ஆகவே கடிதம்.

செய்தி காரைப் பற்றியது. அன்று திரும்பும் வழியில் எஞ்சின் சற்றுத் திணறியது. 18.01.2025 அன்று மெக்கானிக் வல்லரசு ஏர் ஃபில்டரைக் கழற்றினார். அது எண்ணெய் குடித்த வடையைப் போல இருந்தது. காற்று வரும் இடத்தில் ஆயிலுக்கு என்ன வேலை என்று கேட்டேன். எஞ்சினில் எரிந்த வாயு சிறிதளவு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிந்து, ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்குமாம். அந்த அறைக்குக் கிராங்க் கேஸ் என்று பெயர். அங்கே அழுத்தம் சேராதிருக்க ஒரு மூச்சுக்குழாய் வைத்து, அந்த ஆவியை எஞ்சினே மறுபடி உறிஞ்சி எரிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். நம் காருக்கு வயதாகிவிட்டதால் ஆவியோடு ஆயிலும் வருகிறது.

வல்லரசின் யோசனை இது: "பேஜாரே வேணாங்க சார். பைப்பக் கழட்டிட்டு அதோட வாயில ஒரு ப்ரீதர் ஃபில்டர மாட்டிடலாம். அது பாட்டுக்கு வெளியில மூச்சு உட்டுக்கினு கிடக்கும்."

கைக்கு அடக்கமான சிறு கூம்பு அது. எனக்கு ஆர்வமாகவும் இருக்கிறது, ஐயமாகவும் இருக்கிறது. காரைச் செய்தவர்கள் காரணமின்றியா அந்தக் குழாயை வைத்திருப்பார்கள்?

25.12.2024 அன்று லூசியா கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது என்னிடம் வாங்கிய வாக்கு உனக்கு நினைவிருக்கும். "காது போச்சி, சரி. இன்னும் ஒண்ணு குறைஞ்சா காரை வித்துட்டு, வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடணும்ப்பா." மகளுக்குக் கொடுத்த வாக்கு. கார் வழியில் நின்றால் அதையும் என் குறையாகவே எழுதிக்கொள்வாள். ஆகவே இதில் பிழை நேரக் கூடாது. உன் கருத்தை எழுது.

ஆசியுடன்,
ம. சவுரிராயன்.


திண்டிவனம்,
27.1.2025.

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

தங்கை அமல்ராணி வணக்கத்துடன் எழுதுகிறேன். நானும் கடையும் நலம். படி ஏறினால்தான் முழங்கால் வலிக்கிறது. அதனால் நாள் முழுதும் கல்லாவிலேயே உட்கார்ந்திருக்கிறேன். புது மல்லாட்டை வந்திருக்கிறது. அந்தக் கடலையை ஆட்டச் செக்கு ஓய்வில்லாமல் ஓடுகிறது.

எஞ்சின் எனக்குத் தெரியாது, அடுப்பு தெரியும். குக்கர் ஆவியை வெளியே விட்டால் குக்கருக்கு நல்லது. பக்கத்தில் நிற்பவளுக்குத்தான் வேர்க்கும். உங்கள் ஃபில்டர் மூச்சு விடட்டும், ஆனால் யார் மூஞ்சியில் விடும் என்று வல்லரசைக் கேட்டீர்களா?

சொந்தத் தங்கை கடை என்றும் பாராமல், முத்திரை தேய்ந்துவிட்டது என்று என் லிட்டர் படியை எடுத்துக்கொண்டு போன முத்திரை ஆய்வாளர் நீங்கள். ஊர்க் கடைகளின் எடைக்கல்லையெல்லாம் நிறுத்துப் பார்த்தவர், ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுத மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புத் தங்கை,
அமல்ராணி.


விழுப்புரம்,
03.02.2025, திங்கட்கிழமை.

அன்புத் தங்கைக்கு,

உன் 27.01.2025 தேதியிட்ட கடிதம் 30.01.2025 அன்று கிடைத்தது. நலம்; நலமறிய ஆவல்.

இரு தரப்பையும் கேட்டேன். ப்ரீதர் ஃபில்டரால் ஏர் ஃபில்டர் உலர்ந்து இருக்கும், எஞ்சினுக்குத் தூய காற்று போகும், உள்வழிகளில் பிசுக்குப் படியாது, அழுக்கானால் கழற்றிக் கழுவிக்கொள்ளலாம். குறைகளையும் வல்லரசு மறைக்கவில்லை. ஆயில் ஆவி எரியாமல் வெளிக்காற்றில் கலக்கும். பானெட்டுக்குள் பிசுபிசுப்பு உண்டாகும். காற்று வரும் துளைகள் வழியாகக் காருக்குள் வாசம் வரலாம். புகைச் சோதனையில் இது அகப்படாது என்று அவர் ஆறுதலாகச் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. அகப்படாத குறை குறையில்லை என்று நான் பணியில் இருந்த காலத்தில் ஒருவரையும் விட்டதில்லை.

இருந்தாலும் சோதித்தே முடிவு செய்வோம் என்று 01.02.2025 அன்று பொருத்தச் சொல்லிவிட்டேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு முகையூர் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். வாசம் துளியும் இல்லை. வல்லரசிடம் சொன்னேன், அவரும் தலையாட்டினார். எஞ்சின் முன்பைவிட அமைதியாக ஓடுகிறது.

காரைத் தவிர மற்றவை யாவும் தரம் கெட்டுவிட்டன. காப்பித் தூளில் முழுவதும் சிக்கரிதான். கடைக்காரர் மீது புகார் எழுதி வைத்திருக்கிறேன். அந்துருண்டையிலும் கலப்படம். சட்டை அலமாரியில் ஒன்று போட்ட இடத்தில் இப்போது ஆறு போடுகிறேன்.

இம்மாதக் கண் சோதனைக்கு உன்னை அழைத்துவர 08.02.2025 காலை எட்டு மணிக்கு உன் வாசலில் இருப்பேன். தயாராக இரு.

ஆசியுடன்,
ம. சவுரிராயன்.


திண்டிவனம்,
17.2.2025.

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். அழைத்துப் போய்க் கண்ணைக் காட்டிக் கொண்டுவந்து விட்டதற்கு நன்றி.

வரும் வழியில் எனக்குத் தலை சுற்றியது என்று கவலைப்பட வேண்டாம். வெயில்தான். அடுத்த மாதம் நான் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.

காப்பித் தூள் புகாரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அன்று உங்கள் வீட்டில் குடித்த காப்பி நன்றாகத்தான் இருந்தது.

அமல்ராணி.


விழுப்புரம்,
24.02.2025, திங்கட்கிழமை.

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 08.02.2025 அன்று காலையில் பனி, மாலையில் மேகமூட்டம். அதை நாட்குறிப்பில் பார்க்க வேண்டியதில்லை, எனக்கே நினைவிருக்கிறது. வெயில் எங்கிருந்து வந்தது? கூட்டேரிப்பட்டைத் தாண்டியதிலிருந்து கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தாய். சளி என்றால் சளி என்று எழுதலாமே. முழங்கால் வலியோடு பஸ் படி ஏறுவதாகச் சொல்கிறாய். காரணம் விளங்கவில்லை. நான் வேகமாக ஓட்டுகிறேனா?

ப்ரீதர் ஃபில்டர் பற்றி ஒரு புதிய செய்தி. 22.02.2025 அன்று ஆயில் மூடியைத் திறந்தேன். அடியில் தயிர் ஏட்டைப் போல வெளுப்பாகப் படிந்திருந்தது. முன்பு எஞ்சின் உறிஞ்சும்போது உள்ளே இருந்த ஈரமும் சேர்ந்து போய்விடும். இப்போது உறிஞ்சுவதற்கு ஆளில்லை. வெளியே விடும் வழி மட்டும் இருந்தால் போதாது போலும். இழுப்பதற்கும் ஒன்று வேண்டியிருக்கிறது. ஃபில்டரின் அடியிலும் ஆயில் துளிர்த்திருக்கிறது. அடைத்துக்கொண்டால் அழுத்தம் சேர்ந்து சீல்கள் பிதுங்குமாம்.

ஆக, இருபுறமும் தட்டு ஏறி இறங்குகிறது. காருக்குள் வாசம் இல்லை என்பது ஒன்றே இப்போது ஃபில்டரின் பக்கம் இருக்கும் பெரிய எடைக்கல். நீயும் உடன் இருந்தாய். நீ என்ன சொல்கிறாய்?

ஆசியுடன்,
ம. சவுரிராயன்.


திண்டிவனம்,
10.3.2025.

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து கண்ணைக் காட்டிவிட்டு, கடையைப் பார்க்க ஆளில்லாததால் உங்கள் வீட்டுக்கு வராமலே திரும்பிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

உங்கள் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. காரைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். பக்கத்துக் கடைப் பூவரசன் விழுப்புரத்துக்கு வேலையாக வருகிறான். அவனிடம் இரண்டு புட்டி எண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒன்று நல்லெண்ணெய், ஒன்று மல்லாட்டை எண்ணெய். சீட்டு இரண்டும் விழுந்துவிட்டன. எது எது என்று பார்த்து எழுதுங்கள். எண்ணெய் உங்களுக்குத்தான்.

அமல்ராணி.


விழுப்புரம்,
15.03.2025, சனிக்கிழமை.

அன்புத் தங்கைக்கு,

நலம். ஊர்வரை வந்தும் வீட்டுக்கு வராமல் போனது எனக்கு வருத்தமே. புட்டிகள் 12.03.2025 அன்று பழுதின்றி வந்து சேர்ந்தன.

நிறத்தால் தீர்மானிக்க முடியவில்லை. ஆகவே ஒரே குவளையில் கழுத்துவரை ஒவ்வோர் எண்ணெயையும் ஊற்றி மின்தராசில் நிறுத்தேன். நல்லெண்ணெய் மல்லாட்டை எண்ணெயைவிட மிகச் சிறிதளவே கனமானது. ஆகவே குவளையைக் கழுவி உலர்த்தி, மும்முறை பார்த்தேன். நீல மூடி நல்லெண்ணெய், சிவப்பு மூடி மல்லாட்டை எண்ணெய். இதில் எனக்கு ஐயமில்லை.

செக்குக் கடைக்காரியான உனக்கு இது தெரியாமற்போனது வியப்பு. இன்னொன்றையும் உரிமையோடு சொல்கிறேன். உன் எண்ணெயிலும் முன்பிருந்த மணம் இல்லை. செக்கு ஓட்டும் ஆளைக் கவனி.

நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஆசியுடன்,
ம. சவுரிராயன்.


விழுப்புரம்,
22.04.2025, செவ்வாய்க்கிழமை.

அன்புத் தங்கைக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். நான் நலம். ஐந்து வாரங்களாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. ஏப்ரல் மாதம் 12ஆம் தேதியும் நீ காரைக் கூப்பிடவில்லை. உன் எண்ணெயைக் குறை சொன்னது மனத்தை வருத்தியிருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கு எல்லாமே மாறிக்கொண்டு வருகிறது. 17.04.2025 பெரிய வியாழன் பூசையில் சாம்பிராணிப் புகை மட்டும்தான் வந்தது, மணம் இல்லை. ஆனால் என்னைச் சுற்றியிருந்தவர்கள் இருமினார்கள். என் நுரையீரல் திடமானது என்று எண்ணிக்கொண்டேன். கோவிலில் என் பெஞ்சில் இப்போதெல்லாம் ஒருவரும் உட்காருவதில்லை. மக்கள் தாமதமாக வந்து பின்னாலேயே நின்றுவிடுகிறார்கள்.

நேற்றுக் காலை இன்னொரு வியப்பு. பால் காய்ச்சிவிட்டு வந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்சவள்ளி கேளாமலே சமையலறைக்குள் நுழைந்து, அடுப்பருகே ஏதோ செய்துவிட்டு, ஜன்னல்களையெல்லாம் திறந்து போட்டாள். ஏதேதோ சொன்னாள். என் காதுக் கருவி மேசையில் இருந்தது, ஒன்றும் விளங்கவில்லை. நல்ல பெண்தான், ஆனாலும் ஒரு முறை உண்டல்லவா?

பதில் எழுது.

ஆசியுடன்,
ம. சவுரிராயன்.


திண்டிவனம்,
25.4.2025.

அண்ணாவுக்கு,

நீங்கள் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். அம்சவள்ளியிடம் பேசிவிட்டேன். மூன்று வேளையும் அவள் வீட்டிலிருந்து சாப்பாடு வரும். சிலிண்டரை மூடி வைத்துவிட்டுப் போவாள். தயவுசெய்து மறுக்காதீர்கள். நான் இன்னும் லூசியாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நீல மூடி நல்லெண்ணெய்தான். உங்கள் விடை சரி. நீங்கள் அதைக் கண்டுபிடித்த விதம்தான் ஐந்து வாரமாக என்னை எழுதவிடவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு கடைக்குள் போய்த் தராசைச் சோதிக்கும் முன்னால், நீங்கள் முதலில் எதைச் சோதிப்பீர்கள்?

அமல்ராணி.


விழுப்புரம்,
05.05.2025, திங்கட்கிழமை.

அன்புத் தங்கை அமல்ராணிக்கு,

நலமாக இருக்கிறேன் என்றே எழுத வேண்டும். ஆனால் இம்முறை சற்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உன் கேள்வி எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. "கடைக்காரருடைய தராசைத் தொடுமுன், என் கையிலுள்ள எடைக்கல்லை அலுவலகத்தின் மூல எடைக்கல்லோடு ஒப்பிட்டுச் சோதிப்பேன். சோதிக்காத கல்லைக் கொண்டு ஒருவரையும் குற்றம் சொல்லக் கூடாது" என்று எழுதினேன். எழுதி முடித்தபின் அதை நானே மறுபடி படித்தேன்.

பிறகு சமையலறைக்குப் போனேன். காப்பித் தூள், பெருங்காயம், உன் இரண்டு புட்டிகள், அந்துருண்டை என்று ஒவ்வொன்றாக மூக்கருகே வைத்தேன். மூடிய டப்பாவும் திறந்த டப்பாவும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. முகர்ந்தால் முடிந்துவிடும் வேலைக்கு நான் தராசைத் தேடியிருக்கிறேன்.

அம்சவள்ளியை அழைத்து, கருவியைப் பொருத்திக்கொண்டு, அன்று சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். "வூடு பூரா கேஸு நாறுதுங்கய்யா. நீங்க பாட்டுக்குப் பேப்பர் படிச்சிக்கினு இருந்தீங்க. எனக்கு உசுரே போயிடுச்சி." நானோ முறையைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

காருக்குள் வாசம் வந்ததா என்று 03.05.2025 அன்று வல்லரசிடம் கேட்டேன். "வாசம் வர்லன்னு நீங்க சொல்லும்போது, வருதுன்னு நான் எப்பிடிங்க சார் சொல்றது? உங்க வண்டிய ஓட்டிப் பாத்துட்டுப் போனா, சட்டைய வாசல்லயே கழட்டிட்டு உள்ள வான்றா எம் பொண்டாட்டி."

ஆகவே ப்ரீதர் ஃபில்டரைக் கழற்றச் சொல்லிவிட்டேன். எதிர்த்தட்டில் எல்லாம் ஏறிவிட்டன. இந்தத் தட்டில் இருந்த ஒரே கல் பொய்யான கல். பழைய மூச்சுக்குழாயையே மாட்டி, நடுவில் ஆயிலைப் பிடித்துக்கொள்ளும் சிறு டப்பா ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். ஆவியை எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும், ஆயில் டப்பாவில் தங்கிவிடும். மாதம் ஒருமுறை டப்பாவைக் காலி செய்ய வேண்டும். ஃபில்டரே கூடாது என்று சொல்ல மாட்டேன். பந்தயத்துக்கு ஓடும் வண்டிக்கு, திறந்த வெளிக்கு அது பொருந்தலாம். பின்னால் தங்கையை உட்கார வைத்து ஓட்டும் காருக்குப் பொருந்தாது.

அன்று நீ கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அத்தனை தூரமும் பேசாமல் வந்தாய். வாய் திறந்திருந்தால் என் காரும் வீடும் போய்விடும் என்று பயந்திருக்கிறாய். நீ எழுதாத ஐந்து வாரக் கடிதங்களையும் இப்போது படித்துவிட்டேன்.

வாக்கு வாக்குதான். இன்று காலை லூசியாவுக்கு நானே எல்லாவற்றையும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். முடிவு அவளுடையது. 10.05.2025 அன்று மருத்துவரைப் பார்க்கிறேன். ஆகவே அன்று வர இயலாது. காப்பித் தூள் புகாரைக் கிழித்துவிட்டேன். உன் செக்கு ஓட்டும் ஆளிடம் நான் சொன்னதை நீ சொல்லியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

சோதனையில் தேறாத எடைக்கல்லை நாங்கள் உடைப்பதில்லை. முத்திரையை அழித்துவிட்டு உரியவரிடமே திருப்பிக் கொடுப்போம். அவர் அதை வைத்துக்கொள்ளலாம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். என் மூக்கையும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். ஜூன் மாதம் 14ஆம் தேதி காரில் வருவாயா? வந்தால், வழியெல்லாம் உனக்கு வரும் வாசத்தை எனக்கு எழுத்தில் தர வேண்டும். இனி உன் மூக்குத்தான் மூல எடைக்கல்.

அன்புடன்,
அண்ணன்.


திண்டிவனம்,
16.06.2025, திங்கட்கிழமை.

அன்புள்ள அண்ணாவுக்கு,

தேதியை உங்களைப் போலவே எழுதியிருக்கிறேன், பாருங்கள். நான் நலம். நேற்று முன்தினம் காரில் வந்தது முழங்காலுக்குச் சுகமாக இருந்தது.

முதலில் லூசியா. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது சொல்லச் சங்கடமாக இருந்தது. இங்கே வந்து என்னிடம் அழுதுவிட்டுத்தான் உங்கள் வீட்டுக்கு வந்தாள். "எங்கிட்ட மறைச்சிருந்தா அன்னைக்கே கூட்டிக்கினு போயிருப்பேன் அத்தை. அவரே எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்பிட்டாரு. இனிமே நான் என்னத்தச் சொல்றது?" என்றாள். காரை மூக்காலா ஓட்டுகிறார் என்று கேட்டேன். அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். கேஸ் அடுப்பு போய்விட்டது, கரண்ட் அடுப்பு வந்துவிட்டது. அதோடு விட்டாளே என்று சந்தோஷப்படுங்கள். கிறிஸ்துமசுக்கு வந்து மறுபடி பார்ப்பாளாம். மூக்கு திரும்பவும் வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொன்னதை அவளுக்கும் சொல்லிவிட்டேன்.

இனி நீங்கள் கேட்ட வாச அறிக்கை. திண்டிவனத்தில் மேம்பாலம் இறங்கும்வரை லாரிப் புகை. கூட்டேரிப்பட்டில் யாரோ மல்லாட்டை வறுத்தார்கள். மணல் சூடு போதவில்லை, பச்சை வாடை. விக்கிரவாண்டி தாண்டியதும் முந்தின நாள் மழை நனைத்த மண். மல்லிகைக்காரி கண்ணாடியருகே வந்தபோது நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். ஆமாம், மணத்தது. நன்றாகவே மணத்தது. காருக்குள் ஆயில் வாசம் துளியும் இல்லை. இதைச் சொல்வது நான், நீங்கள் அல்ல.

கடைசியாக ஒன்று. நீங்கள் கதவைத் திறந்து ஏறியதுமே வந்தது, ஊர் வந்து சேரும்வரை போகவில்லை. உங்கள் சட்டையில் அந்துருண்டை வாசம், அண்ணா. கோவிலில் உங்கள் பெஞ்சில் ஏன் யாரும் உட்காருவதில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

ஒன்று போதும்.

உங்கள் தங்கை,
அமல்ராணி.